ஒகேனக்கல் பரிசலும் கரையோர மீன் சமையலும்: ஒரு பயணியின் மதிப்பீடு

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அருவியின் அழகைப் பலரும் எழுதியாகிவிட்டது. நான் எழுத விரும்புவது அங்கே கிடைக்கும் சேவையையும் அதைத் தருகிறவர்களையும் பற்றி. அண்மையில் என் தந்தை, மனைவி, மகளோடு சென்றிருந்தேன். பரிசல் ஓட்டியவர், மீன் விற்றவர், அதைச் சமைத்துத் தந்தவர், தந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர் என எல்லோருமே ஊட்டமலையிலும் அதையொட்டிய ஊர்களிலும் குடியிருப்பவர்கள். நாங்கள் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி அன்று மாலையே அந்த வீடுகளுக்குப் போயிருக்கும் என்பது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது.

மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் விரிப்பு போர்த்தித் தார் பூசிய வட்டப் பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை. துடுப்பு போடுகிறவர் நினைக்கும் திசையே முன்பக்கம். எங்கள் பரிசலோட்டி ஒவ்வொருவரின் எடையையும் கண்ணாலேயே அளந்து இடம் மாற்றி உட்காரவைத்தார். மகளின் லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கிக் கட்டி, தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்த பிறகே துடுப்பைக் கையில் எடுத்தார். பாறைச் சுவர்களுக்கு நடுவே நீர் கறுத்து அசைவின்றிக் கிடந்த ஓரிடத்தில் அவள் கையை நனைக்கப் போனபோது, “வேண்டாம் கண்ணு, மேல சும்மா இருக்கும், அடியில இழுக்கும்” என்று தடுத்தார். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கிறது. உயிர்ப் பாதுகாப்புக்கு அது தேவை என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், தடை நீளும் வாரங்களில் அவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

சமையலுக்கு வருகிறேன். கட்லா இரண்டு கிலோ வாங்கிக் கொடுத்தோம். சமைத்துத் தந்த அக்கா முதலில் கேட்டது, “காரம் எவ்வளவு போடலாம், பாப்பா சாப்பிடுமா?” என்பதைத்தான். மீனைக் கல்லுப்பு போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினார். தலையையும் வால் பகுதியையும் குழம்புக்கு ஒதுக்கி, நடுத்துண்டுகளில் மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிசறி ஊறவைத்தார். மகளுக்கென்று இரண்டு துண்டுகளில் மஞ்சளும் உப்பும் மட்டும் தடவினார். விறகடுப்பில் புளிக்குழம்பு கொதித்து எண்ணெய் மேலே மிதந்து வந்த பிறகுதான் மீனைப் போட்டார். சூடான சோற்றுக்கு அந்தக் குழம்பு போதும். வறுவல் இல்லாவிட்டாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். மாமியார் பார்த்த வேலையைத் தாம் தொடர்ந்து செய்வதாகச் சொன்ன அவர், நாங்கள் எழுந்ததும் இலைகளோடு, முன்னால் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்களையும் பொறுக்கிச் சாக்கில் கட்டினார். அதற்கு யாரும் அவருக்குக் கூலி தருவதில்லை.

குறைகளும் உண்டு. பேருந்து நிலையத்திலிருந்தே பின்தொடர்ந்து வந்த தரகர் ஒருவர், அறிவிப்புப் பலகையில் இருந்த கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கேட்டார். அதில் ஒரு ரூபாய்கூடத் தம் கைக்கு வராது என்று பரிசலோட்டி பின்னர் வருத்தத்தோடு சொன்னார். பெண்கள் உடை மாற்றும் இடம் நனைந்து சேறாகக் கிடந்தது. சமைக்கும் பெண்கள் புகையிலும் வெயிலிலும் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்கள். நிழற்கூரை எங்கே அமைந்தால் நல்லது என்று யாராவது கேட்டார்களா என அந்த அக்காவிடம் வினவினேன். “கட்டி முடிச்ச பிறகுதான் எங்களுக்குத் தெரியும்” என்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கும், வெள்ளம் எந்தப் படி வரை ஏறும் என்று அறிந்தவர்களைக் கேட்காமல் திட்டம் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. உழைப்பில் அவர்களுக்கு இருக்கும் பங்கு முடிவெடுப்பதிலும் இருக்க வேண்டும். இவ்வளவு அக்கறையோடு நடந்துகொள்கிறவர்கள் அதற்கு முற்றிலும் தகுதியானவர்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: வார நாட்களில் கூட்டம் குறைவு. பரிசல் பயணத்துக்கான பணத்தைக் கட்டண மையத்திலேயே செலுத்துங்கள். சமையல் கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பரிசல் சவாரியை முடித்துவிட்டு மீன் வாங்கலாம் என்று இருந்துவிடாமல், முதலிலேயே வாங்கிக் கொடுத்துவிட்டு ஆற்றுக்குப் போனால், நீங்கள் கரையேறும்போது குழம்பை இறக்கும் நேரமாக இருக்கும்.