சென்னை–கூடூர் ரூட்டுக்கு எந்தச் சரக்கு எஞ்சின்? என் ஓட்டு வேக்-9க்கு

ஓப்பன் ரெயில்ஸ் என்னும் ரயில் சிமுலேட்டரில் சென்னை–கூடூர் ரூட்டை ஓட்டுகிறீர்கள், சரக்கு வண்டிக்கு ஒரே ஒரு மின்சார எஞ்சின்தான் இறக்கிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், யோசிக்காமல் டபிள்யூஏஜி-9 எடுங்கள். நாங்கள் வேக்-9 என்று சொல்லும் அதே பச்சை எஞ்சின். 12,000 குதிரைத்திறன் உள்ள வேக்-12பி இருக்கும்போது இது எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேக்-9, வேக்-12பி, வேக்-7, வேப்-7 என நான்கு எஞ்சின்களையும் இதே ரூட்டில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் ரூட். என் ஊர் சூலூர்பேட்டை. ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிந்து தடாவில் ஆந்திரா தொடங்கும் இந்த லைன் எனக்கு ஜன்னலோரப் பாடம். மேடு பள்ளம் அதிகம் இல்லாத கடலோரச் சமவெளி. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான் தண்டவாளம். 2022 அக்டோபரில் இந்தப் பகுதியின் உச்ச வேகத்தை 110-லிருந்து 130 கிலோமீட்டராக உயர்த்தினார்கள். கோரமண்டல், பினாகினி, ஜி.டி. எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். சிமுலேட்டரில் டைம்டேபிள் முறையில் ஓட்டினால் இதன் அர்த்தம் உடனே புரியும். சரக்கு வண்டி கொஞ்சம் தயங்கினாலும் அக்கம்பேட்டையிலோ தொரவாரிசத்திரத்திலோ லூப்பில், அதாவது பின்னால் வரும் வண்டிக்கு வழிவிட ஒதுங்கும் பக்கத் தண்டவாளத்தில், போய் நிற்க வேண்டியதுதான்.

அதனால் இங்கே வேகமான சரக்கு எஞ்சின் எது என்பதை உச்ச வேகத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எங்கள் தெருவில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். லேப்டாப்பில் நான் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "நூறுல போறது பெருசு இல்ல தம்பி. லூப்ல இருந்து எவ்வளவு சீக்கிரம் மெயினுக்கு வந்து பின்னாடி வர்றவனுக்கு வழி விடுற, அதப் பாரு" என்றார். அதன் பிறகு எந்த எஞ்சினை இறக்கினாலும் இந்த ஒரு சோதனையைத்தான் முதலில் வைக்கிறேன்.

சோதனைக்கு நான் எடுக்கும் ரேக் (ஒன்றாகக் கோத்த வேகன் வரிசை), 45 பிஎல்சி வேகன்கள் கொண்ட கன்டெய்னர் வண்டி. நிஜத்திலேயே 100 கிலோமீட்டர் வரை ஓட அனுமதி உள்ள வேகன் இது. முழுப் பாரம் ஏற்றினால் ஒரு வேகன் 81 டன், மொத்தம் சுமார் 3,600 டன். நீளம் 600 மீட்டருக்கு மேல். லூப்பை விட்டு வரும்போது கடைசி வேகன், தண்டவாளம் மாறும் பாயின்ட்டைத் தாண்டும் வரை 30-க்கு மேல் போகக் கூடாது. அதன் பிறகுதான் எஞ்சினின் உண்மையான பலம் தெரியும்.

வேக்-9 சுமார் 6,120 குதிரைத்திறன், அதாவது 4,500 கிலோவாட். கிளம்பும்போது இழுவிசை 458 கிலோநியூட்டன். ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வேகம் வரை அதை அப்படியே வைத்திருக்கும். 3,600 டன்னோடு நின்ற இடத்திலிருந்து 30-ஐத் தொட ஒன்றேகால் நிமிடம் போல ஆகிறது. அதற்கு மேல் வேகம் ஏற ஏற விசை குறையும், ஆனால் சக்தி குறையாது. 75-ல் 216 கிலோநியூட்டன், 100-ல் 162 கிலோநியூட்டன். என் ரேக்குக்குச் சமதளத்தில் 100-ல் சுமார் 140 தேவைப்படுகிறது. ஆக, மெதுவாகவாவது நூறைத் தொட்டுவிடுகிறது. நாயுடுபேட்டையைத் தாண்டி ஸ்வர்ணமுகி ஆற்றுப் பக்கம் அந்த வேகத்தில் போகும்போது எஃப்5 அழுத்தி எண்களைப் பாருங்கள். இழுவிசையும் எதிர்விசையும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இதே ரேக்கை வேக்-7-ல் கட்டினேன். 1992 முதல் சித்தரஞ்சனில் கட்டிய, 5,000 குதிரைத்திறன் உள்ள எஞ்சின். உச்ச வேகம் இதற்கும் 100 என்றுதான் எழுதியிருக்கும். கணக்குப்படி 100-ல் அதனிடம் இருப்பது 134 கிலோநியூட்டன்தான். 95-ஐத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. காலி ரேக், கலப்புச் சரக்கு என்று எதுவானாலும் அழகாக இழுக்கும். மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும் டேப் சேஞ்சர் ஒவ்வொரு நாட்சாக ஏறும் சத்தத்துக்காகவே அதை ஓட்டலாம். ஆனால் பின்னால் கோரமண்டல் வரும் நேரத்தில் வேண்டாம்.

வேக்-12பி பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பீகாரின் மாதேபுராவில் ஆல்ஸ்டாம் கட்டும் இரட்டை எஞ்சின், 180 டன், 706 கிலோநியூட்டன், 2020 மே மாதம் ஓட்டத்துக்கு வந்தது. கன்டெய்னர் ரேக்கை இதில் கட்டினால் லூப்பிலிருந்து பாய்ந்து வருகிறது, 100-ல்கூட 324 கிலோநியூட்டன் கையில் இருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் பிஎல்சி வேகனுக்கு 100-க்கு மேல் அனுமதி கிடையாது. அப்புறம் அந்த மீதிச் சக்தி எதற்கு? நிலக்கரி ரேக்குக்கு என்பீர்கள். 58 பாக்ஸ்-என் வேகனைப் பாரத்தோடு பெரும்பாலும் 75-க்கு மேல் விடுவதில்லை, அந்த வேகத்துக்கு இந்தச் சமவெளியில் வேக்-9-ன் 216 போதும். 150 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் உள்ள ரூட் என்றால் நிலைமையே வேறு. அங்கே 3,600 டன்னுக்கு ஏற்றம் மட்டுமே 235 கிலோநியூட்டன் கேட்கும். வேக்-12பி-யை அந்த மாதிரி இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம்ம கடலோர லைனில் அதன் அருமை தெரியாது.

வேப்-7 பயணிகள் எஞ்சின், இங்கே ஏன் வருகிறது? பால் வண்டிக்காக. 2020 மார்ச் 26-ல், ஊரடங்கு தொடங்கிய கையோடு, ரேணிகுண்டாவிலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீனுக்கு தூத் துரந்தோ என்று டேங்கர்களில் பால் அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு டேங்கரில் 40,000 லிட்டர். எங்கள் பக்கத்துச் சரக்கு வண்டிகளிலேயே உண்மையான வேக வண்டி என்றால் இதைத்தான் சொல்வேன். டெல்லியில் குழந்தைகள் குடித்த பால் சித்தூர் மாவட்டத்து மாடுகளிடமிருந்து போனது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. சிமுலேட்டரில் அப்படி ஒரு வண்டியை 110-ல் ஓட்ட வேக்-9-ஆல் முடியாது, அதன் எல்லை 100. வேப்-7 தான் சரி, 140 வரை போகும்.

இந்த இரண்டும் ஒரே குடும்பம், மோட்டாரும் ஒன்றே, கியர் மட்டும் வேறு. வேக்-9-ல் 77:15, வேப்-7-ல் 72:20. அதனால்தான் கிளம்பும் விசை 458-லிருந்து சுமார் 323 ஆகக் குறைகிறது. 77:15 என்பதை 72:20-ஆல் வகுத்தால் 1.43 வரும். 458-ஐ 323-ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய அதேதான். நீங்கள் இறக்கிய மாடல் ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை. எஞ்சின் ஃபைலை நோட்பேடில் திறந்து மேக்ஸ்ஃபோர்ஸ் (உச்ச இழுவிசை) வரியைப் பாருங்கள். இரண்டு எஞ்சினுக்கும் ஒரே எண் இருந்தால், பெயின்ட்டை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்கிய ஒரு தொகுப்பிலேயே எனக்கு அப்படித்தான் வந்தது. வெளிப்புறம் கண்ணைப் பறித்தது, போல்ட் நட்டெல்லாம் தெரிந்தது. ஓட்டம் முழுக்கப் பொய். காசு வாங்குகிறவர்கள் இதைச் செய்யக் கூடாது. இலவசமாகக் கிடைத்த வேக்-9 ஒன்று தோற்றத்தில் சுமார்தான், ஆனால் எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. நான் ஓட்டுவது அதைத்தான்.

அந்த மாடலில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளம்பும்போது ஜிடிஓ என்ற பழைய வகை மின்னணு சுவிட்சுகள் உள்ள எஞ்சின்களில் படிப்படியாக ஏறும் அந்த இசை போன்ற சத்தம் இதில் இல்லை, வெறும் விசிறி இரைச்சல்தான். மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகத்தைக் குறைக்கும் மறுஉற்பத்தி பிரேக் 260 கிலோநியூட்டன் இருக்க வேண்டும், அதற்கு வரியே எழுதவில்லை. நான்தான் சேர்த்தேன். சேர்த்த பிறகு கூடூர் ஸ்டேஷன் நுழைவில் உள்ள ஹோம் சிக்னலுக்கு முன் வேகன் பிரேக்கைத் தொடாமலேயே வேகத்தை நன்றாக இறக்க முடிகிறது. வேகன் ஃபைல்களில் உராய்வு எண்களையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அது தப்பாக இருந்தால் எந்த எஞ்சினை ஒப்பிட்டும் பயனில்லை. அட்வான்ஸ்டு அதீஷன் கட்டாயம் ஆன் செய்யுங்கள், மழையில் சக்கரம் வழுக்குவது அப்போதுதான் வரும்.

குஜராத்தின் தாஹோதில் 2025 மே மாதம் தொடங்கிவைத்த 9,000 குதிரைத்திறன் டி9 மின்சார எஞ்சின் பற்றியும் கேட்கிறீர்கள். 120 கிலோமீட்டர் ஓடக்கூடியது. அதற்கு நல்ல மாடல் வந்தால் முதல் ஆளாக இறக்குவேன். ஆனால் பின்னால் 100-ஐத் தாண்டி ஓட அனுமதி உள்ள வேகன்களையும் சேர்த்துத் தேடிக்கொள்ளுங்கள், பிஎல்சி ரேக்கில் கட்டி ஓட்டினால் வேக்-9-ஐவிட நாயுடுபேட்டைக்குச் சில நிமிடம் முன்னால் போவீர்கள், அவ்வளவுதான்.