கும்பகோணத்தில் கிடைக்கும் ரூய்போஸ் தேநீர்: சுவை சரி, உரியவர் பெயரைக் காணோம்

கும்பகோணத்து இயற்கை அங்காடி ஒன்றில் வாங்கிய ரூய்போஸ் தேநீர் உண்மையில் தேயிலையே அல்ல. தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் அந்தப் புதர்ச்செடி, சம்பா அறுவடையை ஒட்டி நாம் தெளிக்கும் உளுந்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஊசி போன்ற இலைகளை நறுக்கி, நசுக்கி, நீர் தெளித்துப் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தும்போது செம்பழுப்பு நிறம் ஏறுகிறது.

கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறினால் இதமான மணத்துடன் லேசான இனிப்பு இறங்குகிறது. கஃபீன் இல்லை, கூடுதல் நேரம் ஊறினாலும் கசப்பதில்லை. டிகிரி காபியின் திடத்துக்குப் பழகிய நாக்கு முதலில் சற்று ஏமாறும். பால் ஊற்றினால் மணம் அடங்கிவிடுவதால், சிறிது நாட்டுச்சர்க்கரையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

என் குறை உறையைப் பற்றியது. 'முன்னோர் கண்ட மூலிகை' என்று பெரிதாக அச்சிட்டவர்கள், யாருடைய முன்னோர் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. இந்த இலையின் பயனை முதலில் அறிந்தவர்கள் சான், கோய் பழங்குடி மக்கள். அந்த அறிவுக்கு ஒரு விலை உண்டு என்பதைத் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் 2004-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்திலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும், அவர்களுடைய உரிமையை ரூய்போஸ் தொழில்துறை ஒப்புக்கொண்டு, பண்ணை விலையில் 1.5 விழுக்காட்டைப் பதப்படுத்துவோர் செலுத்துவது என்ற உடன்பாடு 2019-இல்தான் கையெழுத்தானது. சட்டம் இயற்றியதோடு வேலை முடிந்ததென்று உறுப்பினர்கள் இருந்துவிட்டால் பதினைந்து ஆண்டுகள் இப்படித்தான் ஓடும். ஆனால், அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் அம்மக்களுக்கு நாற்காலியே இருந்திருக்காது.

2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் 'ரூய்போஸ்' என்ற பெயருக்குத் தோற்றுவாய்ப் பாதுகாப்பு அளித்தது; அதாவது, அதன் சொந்த வட்டாரத்தில் விளைந்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம். அது பெயரைக் காக்கும் ஏற்பாடு. அறிவுக்கு உரியவரிடம் பணத்தைச் சேர்ப்பது, 2019-இல் கையெழுத்தானது போன்ற பயன்பகிர்வு உடன்பாடே. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடிய நமக்கும் இந்த வேறுபாடு பொருந்தும்: குறியீட்டினால் மட்டும் கொடிக்காலில் வேலை செய்பவரின் கூலி உயர்ந்துவிடாது. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்திலும் பயன்பகிர்வு உண்டு. ஆனால் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், ஏடுகளில் தொகுக்கப்பட்ட மரபறிவுக்கு அதிலிருந்து விலக்களித்தது. சித்த மருத்துவச் சுவடிகளைச் சேர்த்துவைத்த தஞ்சாவூர் வட்டாரத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு அது சரியான திருத்தமாகத் தோன்றவில்லை. மூலிகைப் பொருள்களின் உறையில் அறிவுக்கு உரிய சமூகத்தின் பெயரைக் கட்டாயமாக்கும் ஒரு விதியையாவது இரு நாட்டு நாடாளுமன்றங்களும் கொண்டுவரலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை.

இரவில் காபியைத் தவிர்க்க வேண்டியவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். நூல் கட்டிய பொட்டலங்களைவிட உதிரி இலையில் மணம் தூக்கலாக இருக்கிறது. சுவைக்கு ஐந்தில் நான்கு, உறைக்கு ஒன்று.