காட்ரிட்ஜா, சீடியா? நுவரெலியாக் குளிருக்கு எது தாங்கும்?

பழைய வீடியோ கேம் பெட்டிகளில், 1988இல் வந்த, காட்ரிட்ஜ் (கேம் பதிந்த செருகு பெட்டி) போடும் மெகா டிரைவா, 1994இல் வந்த, சீடி போடும் பிளேஸ்டேஷனா, எதைச் சேர்ப்பது என்று ஹட்டன் பக்கத் தம்பிமார் கேட்கிறார்கள்.

விலை: பொதுவாகச் சீடி மலிவு.

ஈரம்: இங்கேதான் விஷயம். பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும் ஊர் இது. காட்ரிட்ஜின் அடியில் பெட்டியோடு தொடும் பொன்னிறப் பற்களில் கறை படியும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்தால் கறுப்பாக அழுக்கு வரும். பெரும்பாலும் கேம் ஓடிவிடும். சீடியைப் படிக்கும் பிளேஸ்டேஷன் லென்ஸ் தேய்ந்தால் மாற்று லென்ஸ் தேட வேண்டும். என்னுடையது ஒரே மழைக்காலத்தில் படுத்துவிட்டது.

சேவ் (ஆட்டத்தில் விட்ட இடத்தைப் பதிந்து வைப்பது): சில காட்ரிட்ஜுக்குள் பட்டன் பட்டரி; அது செத்தால் சேவும் போச்சு. பிளேஸ்டேஷன் சேவைப் பதியும் மெமரி கார்டுக்குப் பட்டரி வேண்டாம்.

நிறைய விளையாட ஆசையா, சீடி. பல வருடம் அலுமாரியில் வைத்து எடுக்கவா, காட்ரிட்ஜ்தான். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள்.