மஹிந்திரா சிஜே3பி, ஜோங்கா: பன்னிரண்டு ஆண்டுகள் வைத்து ஓட்டிய அனுபவம்

2013ஆம் ஆண்டில் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடமிருந்து, 1968இல் பதிவான மஹிந்திரா சிஜே3பி ஜீப் ஒன்றை வாங்கினேன். நான்கு ஆண்டுகள் கழித்து, ராணுவத்திலிருந்து கழிக்கப்பட்ட ஜோங்கா என்ற ஜீப் வகை வண்டி ஒன்றும் வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஜோங்காவை 2022இல் விற்றுவிட்டேன். ஜீப் இன்றும் வாரத்துக்கு ஒருமுறையேனும் போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறது. கம்பம், போடிப் பகுதிகளில் ஜீப் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏலக்காட்டுக்கு ஏற்றிச் செல்லும் வண்டி அதுதான். அதனால் இதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. பெருநகரத்தில் இருந்துகொண்டு இத்தகைய வண்டியை வாங்க எண்ணுபவர்கள், அந்தக் கைகள் தங்களுக்கு அருகில் உண்டா என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

பழைய ஜீப் தேடிப் புறப்படும் எவரும் முதலில் கேட்கும் விற்பனைப் பேச்சு, "இது உலகப் போரில் ஓடிய வில்லிஸ்" என்பதாகும். போர்க்காலத்தில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைச் செய்தன என்பதும், அவற்றில் சில இந்தியாவிலேயே தங்கிவிட்டன என்பதும் உண்மைதான். ஆனால் எனக்குக் காட்டப்பட்ட ஐந்து "போர்க்கால" வண்டிகளில் ஒன்றுகூட அப்படிப்பட்டதாக இல்லை. "எம்பி" என்ற வில்லிஸின் போர்க்கால மாடலில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் தகட்டு கிரில்லில் ஒன்பது பிளவுகள் இருக்கும். பின்னர் வந்த சிவிலியன் சிஜே வரிசையில் ஏழுதான். எம்பியில் திறக்கும் பின்கதவு கிடையாது என்பதால் ஸ்டெப்னி பின்பக்கத் தகட்டிலேயே தொங்கும். சிஜேயில் பின்கதவு வந்துவிட்டதால் ஸ்டெப்னி பக்கவாட்டுக்கு நகர்ந்தது. எம்பியின் முகப்பு விளக்குகள் கிரில்லுக்கு உள்ளே பதிந்திருக்கும். ஒரு திருகைத் தளர்த்தி அவற்றைப் பின்னோக்கித் திருப்பினால் இரவில் எஞ்சின் மீது வெளிச்சம் விழும். ரேடியேட்டருக்குக் கீழே, சேஸிஸ் எனும் அடிச்சட்டத்தின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த பானா வடிவில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட "எஃப்" எழுத்தைப் பொறித்தது. கிரில்லை மாற்றுவது டிங்கர் பட்டறையில் ஒரு நாள் வேலை. குறுக்குச் சட்டத்தை யாரும் மாற்றுவதில்லை. ஆகவே குனிந்து பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரியது. ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில், ராணுவ ஏலத்தில் வரும் உதிரிப் பாகங்களையும் புதிதாக அடித்த உடற்கூட்டையும் சேர்த்து ஜீப் கட்டும் தொழில் பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. "லண்டி" என்று அழைக்கப்படும் அந்த வண்டிகள் பார்வைக்கு அழகானவை. சில உழைப்பிலும் குறைந்தவை அல்ல. ஆனால் எங்கோ மறைந்துபோன ஒரு ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தை வைத்து அவற்றில் ஒன்றை விற்கும்போது, வாங்குபவர் கையில் சட்டப்படி ஒரு வண்டி இருப்பதில்லை. சேஸிஸ் எண்ணை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, எழுத்துகளின் இடைவெளியையும் சுற்றியுள்ள வெல்டிங் தடயத்தையும் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. பெயிண்ட் பளபளப்பாக இருக்கும் வண்டியை நான் இரண்டு மடங்கு சந்தேகத்துடன் பார்ப்பேன்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் ஏமாந்தேன். சேஸிஸும் ஆர்.சி. புத்தகமும் பொருந்தின, எஞ்சின் பொருந்தவில்லை. வண்டி பெட்ரோலில் பதிவாகியிருக்க, பானட்டுக்கு அடியில் யாரோ எப்போதோ மாட்டிய டீசல் எஞ்சின் இருந்தது. மலை ஏற அதுதான் நல்லது என்று எல்லோரும் சொன்னதால் நானும் அதைப் பொருட்படுத்தவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி இத்தகைய மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்பது, பதிவைப் புதுப்பிக்கப் போன அன்றுதான் எனக்கு உறைத்தது. இந்த மாடலின் அசல் பெட்ரோல் எஞ்சினான பழைய ஹரிகேன் ஒன்றைக் கோவை உக்கடத்திலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் மாறி மாறித் தேடி, சிலிண்டர்களின் உட்புறத்தைக் கடைந்து, பழைய இடத்திலேயே உட்காரவைத்து, ஆவணங்களைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. வண்டி வாங்கிய விலையைவிட இதற்குத்தான் அதிகம் செலவானது.

ஆயினும் அந்தச் செலவுக்கு நான் வருந்தவில்லை. ஏனெனில் இந்த வண்டியின் குணம் அந்த எஞ்சினில்தான் இருக்கிறது. 2199 சிசி கொண்ட இந்த நான்கு சிலிண்டர் எஞ்சினில் உள்வாங்கும் வால்வு மேலே ஹெட்டிலும், புகை வெளியேற்றும் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும். இந்த அமைப்பால் எஞ்சினின் உயரம் கூடியது. அதற்கு இடம் கொடுக்கவே சிஜே3பியின் பானட் அவ்வளவு உயர்ந்து நிற்கிறது. அந்த நெற்றியை அழகு என்று சொல்ல மாட்டேன்; பழகிவிட்டது. வேகம் இதன் வேலை அன்று: தேனிச் சாலையில் மணிக்கு அறுபது கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி கெஞ்சும். ஆனால் மழை பெய்த ஏலக்காட்டுப் பாதையில், எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் இரண்டு சிறிய லீவர்களையும் இழுத்து நான்கு சக்கரத்தையும் லோ கியரையும் சேர்த்துவிட்டால், மாட்டு வண்டியின் நிதானத்தில் எந்த ஏற்றத்தையும் ஏறும். லோ கியர் சுழற்சியை மேலும் 2.46 மடங்கு குறைத்துக் கொடுப்பதால் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே தேவையிருக்காது. முதல் கியரில், பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ இல்லை. வண்டி நிற்பதற்கு முன் போட்டால் கியர் பாக்ஸ் கத்தும்.

இறக்கம் வேறு கதை. ஒன்பது அங்குல டிரம் பிரேக்குகள் நான்குக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய்ச் சுற்று. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கிலும் போய்விடும். 2015ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், மூன்றாவது வளைவுக்கு மேலே பெடல் தரை வரை போனது. இரண்டாம் கியரில் வந்துகொண்டிருந்ததாலும், கைப்பிரேக் சக்கரத்தில் அல்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் தனி டிரம்மாக இருப்பதாலும், வண்டியைப் பாறைப் பக்கம் ஒதுக்கி நிறுத்த முடிந்தது. அன்றிலிருந்து எந்த கியரில் ஏறினேனோ அதே கியரில்தான் இறங்குகிறேன். வீல் சிலிண்டர் வாஷர்களை ஆண்டுதோறும் கேள்வியின்றி மாற்றிவிடுகிறேன். ஸ்டியரிங் ஆட்டத்துக்கும் முதலில் ஸ்டியரிங் பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். முன் குறுக்குச் சட்டத்தில் இருந்து ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல் கிராங்க் தேய்ந்திருக்கும், அல்லது முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங் தளர்ந்திருக்கும்.

அண்மைக் காலத்தில் சேர்ந்த தொல்லை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் ஊறிப்போவதை என் வண்டியிலேயே பார்த்தேன். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு பிடிக்கும். அதனால் இத்தகைய வண்டிகளைச் சேகரித்து ஷெட்டில் மூடி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கென 2021இல் வந்த விதிகளின்படி, "விஏ" என்ற தனி வரிசையில் பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்கு ரூ.20,000 கட்டணம், பத்தாண்டுகள் செல்லும். நான் விண்ணப்பப் படிவம் வரை போய்த் திரும்பிவிட்டேன். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பழைய வாகன அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிச் செல்ல முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600இலிருந்து ரூ.5,000ஆக உயர்ந்தபோது வயிறு எரிந்தது; இருந்தும் அன்று அதையே கட்டினேன்; சாதாரணப் பதிவிலேயே தொடர்கிறேன்.

ஜோங்காவைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், அதை ஆசையால் வாங்கினேன். நிஸ்ஸான் பேட்ரோல் வண்டியின் உரிமம் பெற்று, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1999 வரை ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட வண்டி அது. 3956 சிசி கொண்ட ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினின் ஓசை, தம்புரா மீட்டியதுபோல் அடித்தொண்டையில் இருக்கும். மலையில் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கிடைத்தால் அன்று நல்ல நாள். ராணுவம் கழிக்கும் வண்டிகள் எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் வழியாக மின்னணு ஏலத்துக்கு வருகின்றன. என் வண்டியை அப்படி எடுத்தவரிடமிருந்து, ஏலச் சான்றும் வழங்கல் ஆணையும் சாலைப் பதிவும் சரியாக இருப்பதைப் பார்த்தே வாங்கினேன். நண்பர் ஒருவர் அதே காலத்தில் இரும்புக் கழிவாக ஏலம் போன ஒன்றை மலிவு என்று எடுத்தார். அது இன்றும் அவருடைய தென்னந்தோப்பில் கோழிகளுக்குக் கூடாக நிற்கிறது. இன்னொரு விஷயத்தையும் சேகரிப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள்: மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை வண்ணம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. என் ஜோங்காவைச் சாம்பல் நிறத்தில் ஓட்டினேன்; பார்த்தவர்கள் எல்லோரும் ஏன் பச்சை அடிக்கவில்லை என்று கேட்டார்கள்.

பெட்ரோல் செலவைத் தாங்க முடியாமல் விற்க முடிவு செய்தபோது பலர் வந்தார்கள். கதவைத் திறந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியாகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் இளைஞர், எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லாமல், வணக்கம் சொன்ன கையோடு டார்ச் விளக்கையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "சார், ஆர்.சி. புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார். அவர் கேட்காமலே விலையில் பத்தாயிரம் குறைத்துக் கொடுத்தேன்.