சேமிப்புக் கோப்பு தொலைந்தவர்களுக்கு எந்தத் தொடர் நல்லது?

அக்காவின் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை கிளிநொச்சியில் வீட்டோடு இருக்கிறாள். அவளுடைய மடிக்கணினியில் 150 ஜிபி இடம்தான் மிச்சம். "மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ், விட்சர், இந்த மூன்று கணினி விளையாட்டுத் தொடர்களில் எதைத் தொடங்கட்டும் மாமா? ஒன்றைத்தான் இறக்கலாம்" என்று கேட்டாள். மாஸ் எஃபெக்ட்டின் மூன்று பாகங்களும் சேர்ந்து 2021இல் வந்த பதிப்புக்கு மட்டும் 120 ஜிபி வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் மலிவு டேட்டாவை நம்பி இறக்குகிற வீட்டில் அது பல இரவுகளின் வேலை. அவசரப்பட்டுப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

மூன்று தொடர்களும் சொல்வது ஒன்றுதான்: முதல் பாகத்தில் நீ எடுத்த முடிவு அடுத்த பாகத்திலும் உன்னோடு வரும். இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை முடிவுகள் அடுத்த பாகத்துக்குப் போகின்றன என்று எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். என்னுடைய அளவுகோல் வேறு. நீ விளையாடியதையும் எடுத்த முடிவுகளையும் பதிந்துவைத்திருந்த சேமிப்புக் கோப்பு தொலைந்துபோய்விட்டது, கையில் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் அடுத்த பாகம் உன்னை எப்படி நடத்துகிறது? வன்னியில் இருப்பவர்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம் எல்லாவற்றையும் இடம்பெயர்ந்த வழியில் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். ஆவணம் இல்லாமல் ஒரு மேசைக்கு முன்னால் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

எனக்கு அது விளையாட்டிலும் நடந்தது. மாஸ் எஃபெக்ட்டின் முதல் இரண்டு பாகங்களையும் வவுனியாவில் அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தில் முடித்தேன். முதல் பாகம் 2007இல் வந்தது, இரண்டாவது 2010இல். மூன்றாவது 2012இலேயே வந்துவிட்டாலும் என் கைக்குக் கிடைக்க மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்கிடையில் ஒரு மாரிக் காலத்தில் மின்சாரம் ஏறி இறங்கி வன்தட்டு எரிந்துபோனது. சேமிப்புக் கோப்புகள் அதற்குள்தான் இருந்தன.

கோப்பு இல்லாமலே மூன்றாம் பாகத்தைத் தொடங்கினேன். குரோகன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் தலைவன் பேச்சுவார்த்தைக்கு வருகிற காட்சி. கதவு திறக்கிறது. வந்தவன் என் பழைய தோழன் ரெக்ஸ் அல்ல, ரீவ். முதல் பாகத்தில் வெர்மயர் கடற்கரையில் ரெக்ஸ் எனக்கு நேரே துப்பாக்கியை நீட்டி நின்றபோது, பேசிப் பேசி அவனை அமைதிப்படுத்திக் காப்பாற்றியவன் நான். கோப்பு கிடைக்காவிட்டால் ரெக்ஸ் அந்தக் கடற்கரையிலேயே செத்துப்போனான் என்று விளையாட்டு தானாக எடுத்துக்கொள்கிறது. முதல் பாகத்தின் உயர் சபையும் அழிந்ததாகவே வைத்துக்கொள்கிறது. தெரியாத இடத்தையெல்லாம் இழப்பைக் கொண்டு நிரப்பியிருந்தார்கள். அன்று இரவு அதற்கு மேல் விளையாட முடியவில்லை.

ஆனாலும் கோப்பு கைவசம் இருந்தால் மாஸ் எஃபெக்ட்டுக்கு ஈடாக ஒன்றும் இல்லை. இதை அழுத்தியே சொல்கிறேன். மூன்றாம் பாகத்தில் துசங்கா என்ற கிரகத்தில் வரும் ஒரு கட்டத்தைப் பாருங்கள். குரோகன்களுக்குப் பிள்ளைகள் தங்காதபடி ஒரு காலத்தில் நோயொன்றைப் பரப்பியிருக்கிறார்கள். அதற்கான மருந்தை மோர்டின் என்ற விஞ்ஞானி தயாரித்துவிட்டான். கொடுப்பதா, கெடுப்பதா? ரெக்ஸ் உயிரோடு இருந்தால் அவன் தன் மக்களை நிதானமாக நடத்துவான் என்ற நம்பிக்கை இருக்கும். முதல் பாகத்தில் அவன் இறந்திருந்தால் பழிவாங்கும் வெறிகொண்ட ரீவ்தான் தலைவன். இரண்டாம் பாகத்தில் மேலன் என்பவனின் ஆய்வுத் தரவுகளை நீங்கள் அழித்திருந்தால், ஈவ் என்ற குரோகன் பெண் பிழைக்க மாட்டாள். ரீவை அடக்கக்கூடிய ஒரே குரல் அவளுடையது. ரீவ் தலைவன், ஈவும் இல்லை என்ற நிலையில் மட்டும், மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று மோர்டினை உங்களால் பேசி இணங்கவைக்க முடியும். அப்போது அவன் உயிர் தப்புவான். மற்றபடி மருந்து பரவ வேண்டுமானால் அவன் அந்தக் கோபுரத்தில் ஏறிச் சாகத்தான் வேண்டும். ஐந்தாண்டு இடைவெளியில் வந்த மூன்று பாகங்களில் எடுத்த மூன்று முடிவுகள் ஒரு மின்தூக்கி வாசலில் வந்து கூடுகின்றன. ரெக்ஸ் இருக்கும்போதே மருந்தைக் கெடுத்தீர்களானால், பின்னர் அவன் உண்மையைக் கண்டுபிடித்து உங்களைத் தேடி வருவான். அந்தச் சந்திப்பை என்னால் ஒருமுறைக்கு மேல் பார்க்க முடியவில்லை.

இதை எழுதுகிறவர்களின் பாடும் எனக்குப் புரிகிறது. ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றால் அவர் வரும் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தடவை எழுத வேண்டும், இரண்டு தடவை குரல் பதிய வேண்டும். அதனால் பதிலாள் வைக்கிறார்கள். ரெக்ஸுக்குப் பதில் ரீவ், மோர்டின் முன்பே இறந்திருந்தால் அவனுடைய சலேரியன் இனத்தைச் சேர்ந்த வேறொரு விஞ்ஞானி. முல்லைத்தீவில் கோவலன் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. கோவலனுக்கு ஆடுகிறவர் படுத்துவிட்டால் அண்ணாவியார் வேறொருவருக்கு உடுப்புக் கட்டி விடுவார், கூத்து விடியும்வரை நடக்கும். பதிலாளை அவராகவே ஆடவிட்டால் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார். ரீவை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அவன் ரெக்ஸ் மாதிரி நடிக்க முயலவே இல்லை. ரக்னி என்ற பூச்சி இனத்து இராணியின் விஷயத்தில்தான் கோட்டை விட்டார்கள். முதல் பாகத்தில் அவளைக் கொன்றாலும் விட்டாலும் மூன்றாம் பாகத்தில் அதே குகை, அதே சண்டை. கொன்றிருந்தால் செயற்கையாகச் செய்த இன்னொரு இராணி அங்கே இருப்பாள். மூன்றாம் பாகத்தின் கடைசிக் கட்டத்தைப் பற்றி ரசிகர்களிடம் எழுந்த கோபம் ஊரறிந்தது. 2012 ஜூனில் இலவசமாக ஒரு நீட்சி வெளியிட்டும் அது முழுதாக ஆறவில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

மாஸ் எஃபெக்ட்டைச் செய்த அதே பயோவேர் நிறுவனத்தின் டிராகன் ஏஜ் வேறு வழியில் போனது. முதல் பாகம் 2009, இரண்டாவது 2011. மூன்றாவதான இன்குவிசிஷன் 2014இல் வந்தபோது விளையாட்டை இயக்கும் மென்பொருளும் மாறிவிட்டது, அடுத்த தலைமுறை விளையாட்டுக் கருவிகளும் வந்துவிட்டன. பழைய கோப்பை நேராகக் கொண்டுவர வழியில்லை. அதற்காக 'கீப்' என்ற இணையப் பதிவேட்டைத் திறந்தார்கள். முதல் இரண்டு பாகங்களிலும் நடந்தவற்றை ஒன்றொன்றாகக் குறித்து உங்கள் உலகத்தை நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம். கோப்புத் தொலைந்தவன், தொலையாதவன் என்ற பேதமே இல்லை. அந்தப் பதிவேட்டைப் பார்த்தபோது பிரதேச செயலகத்தில் நடமாடும் சேவை நடந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அம்மாவோடு வரிசையில் நின்று, படிவத்தில் பெயர், பிறந்த இடம், தகப்பன் பெயர் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினோம். களைப்பான வேலைதான். ஆனால் எழுதுவது நாமாக இருந்தோம்.

அதன் பலனும் பெரியது. இன்குவிசிஷனில் மாயவுலகுக்குள் சிக்கும் கட்டத்தில் இருவரில் ஒருவரை விட்டுவிட்டு வர வேண்டும். ஒருவர் இரண்டாம் பாகத்தின் நாயகன் ஹாக். மற்றவர் யார் என்பதை முதல் பாகத்தில் நீங்கள் செய்தது தீர்மானிக்கிறது: ஆலிஸ்டராக இருக்கலாம், லோகேனாக இருக்கலாம், அவர்கள் இருவரும் இல்லையென்றால் அதிகம் பழகாத ஸ்ட்ரௌட். ஸ்ட்ரௌடை விட்டுவிட்டு வருகிறவருக்குக் கை நடுங்காது. ஆலிஸ்டரோடு முதல் பாகம் முழுக்க நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதைத்தவர் அந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டு வெளியே போய் வருவார். ஒரே காட்சி, ஒருவருக்கு வெறும் தந்திரக் கணக்கு, இன்னொருவருக்கு மரண வீடு.

இந்தத் தொடரில் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. முதல் பாகத்தில் புனிதச் சாம்பலைக் கெடுத்தால் கூட வரும் லெலியானா எதிர்த்து நிற்பாள், அவளைக் கொல்லவும் நேரலாம். அப்படிச் செத்தவள் பின்னர் ஒன்றும் நடக்காதது போல வந்து நிற்கிறாள். இரண்டாவது இதைவிடப் பாரமானது. 2024இல் வந்த நான்காம் பாகம் பதிவேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இன்குவிசிஷனிலிருந்து மூன்றே மூன்று விஷயங்களைக் கேட்கிறது: யாரைக் காதலித்தாய், உன் அமைப்பைக் கலைத்தாயா, தோழனாக இருந்த சோலஸை என்ன செய்வதாக உறுதி எடுத்தாய். ஆலிஸ்டர் அரசனா, படைவீரனா, உயிரோடு இருக்கிறானா என்றெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை கட்டங்களையும் பொறுமையாக நிரப்பியவர்களிடம் படிவத்தை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார்கள். கேட்காமலே இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

விட்சர் கேட்கிற விதம் எனக்குப் பிடித்தது. மூன்றாம் பாகம் 2015இல் வந்தபோது அதை வாங்கியவர்களில் பலர் முந்திய பாகங்களைத் தொட்டதே இல்லை. பிளேஸ்டேஷனில் அவை வரவும் இல்லை. கணினியில் இரண்டாம் பாகத்தின் கோப்பைக் கொண்டுவரலாம். இல்லாதவர்களுக்காக ஒரு காட்சி வைத்தார்கள். விசிமா அரண்மனையில் பேரரசனைச் சந்திக்க நாயகன் கெரால்ட்டைத் தயார்படுத்துகிறார்கள். சவரக் கத்தி கன்னத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது வூர்ஹிஸ் என்ற, நில்ஃப்கார்ட் பேரரசின் தளபதி பக்கத்தில் இருந்து பழைய சங்கதிகளை விசாரிக்கிறான். அரசர்களைக் கொன்ற லெத்தோவைக் கொன்றாயா, விட்டாயா? மந்திரக்காரி சீலாவுக்கு என்ன நடந்தது? நீங்கள் சொல்லும் பதிலே வரலாறு. 2004இல் வந்த ஸ்டார் வார்ஸ் விளையாட்டான 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்'கின் இரண்டாம் பாகத்திலும் இதே அழகு உண்டு. அட்டன் என்பவன் முதல் பாகத்து நாயகனைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்வான், நீங்கள் இடைமறித்து அது ஆணா பெண்ணா, நல்ல வழியா கெட்ட வழியா என்று திருத்துவீர்கள்.

ஆவணம் தொலைந்தவர் சமாதான நீதவான் முன் கொடுக்கும் சத்தியக்கடதாசி இதுதான். நீ சொல், நான் நம்புகிறேன் என்கிற ஏற்பாடு. மாஸ் எஃபெக்ட் கோப்பு இல்லாதபோது செய்ததோ, உத்தேச வயதுச் சான்றிதழ் போன்றது: இன்னொருவர் உன்னைப் பார்த்து ஊகித்து எழுதிக் கொடுப்பது. அதை அவர்களும் உணர்ந்திருக்க வேண்டும். முதல் பாகம் அதுவரை வராத பிளேஸ்டேஷனில் இரண்டாம் பாகத்தை 2011இல் வெளியிட்டபோது, முக்கிய முடிவுகளைக் கேட்டுப் பதிகிற சித்திரக்கதை ஒன்றைச் சேர்த்தார்கள்.

ஆனால் விட்சர் கேட்டுவிட்டு என்ன செய்கிறது? கொஞ்சம்தான். லெத்தோவை விட்டிருந்தால் மூன்றாம் பாகத்தில் ஒரு பாழ் வளவில் அவனைக் காணலாம், கேர் மோர்ஹன் கோட்டைச் சண்டைக்கும் அழைத்துப் போகலாம். அந்த ஒரு சந்திப்பு அருமை. இரண்டாம் பாகத்தில் தளபதி ரோச் பக்கமா, கிளர்ச்சித் தலைவன் ஐயோர்வெத் பக்கமா என்பதைப் பொறுத்து நடு அத்தியாயம் முழுவதும் வேறாகிவிடும். அவ்வளவு பெரிய முடிவு மூன்றாம் பாகத்தில் அடையாளம் தெரியாமல் போய்விட்டது, ஐயோர்வெத்தைக் கண்ணிலும் காட்டவில்லை. விட்சரின் பலம் ஒரு பாகத்துக்குள் நடப்பதில் இருக்கிறது.

இவற்றுக்கு வெளியே, கேட்கவே மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடும் தொடர்களும் உண்டு. 2000இல் வந்த பால்டர்ஸ் கேட் இரண்டாம் பாகம் உங்கள் வீரனின் திறமைகளை எடுத்துக்கொள்ளும், கூட்டாளிகள் யார் என்பதைத் தானே முடிவுசெய்யும். முதல் பாகத்தில் காலிட் என்ற கூட்டாளி உங்களோடு ஒருநாளும் வராதவனாக இருந்தாலும் நிலவறையில் அவன் பிணம் கிடக்கும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் ஒப்லிவியன் என்ற பாகத்துக்கும் அடுத்த பாகமான ஸ்கைரிமுக்கும் இடையே கதைக்குள் சுமார் 200 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன, பழைய வீரனைப் பற்றிக் கேட்க ஆளே இல்லை. ஆனால் அதே தொடரில் 1996இல் வந்த டாகர்ஃபாலுக்குப் பல முடிவுகள் இருந்தன. எது உண்மை என்று பிறகு வந்தவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. காலமே உடைந்து எல்லா முடிவுகளும் ஒன்றாக நடந்தன என்று எழுதிவிட்டார்கள். பலர் இதை நழுவல் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்த கண்ணகி சேர நாட்டு மலைக்குப் போய் அங்கிருந்து வானுலகம் போகிறாள். எங்கள் வற்றாப்பளையில் அவள் கடல் கடந்து நந்திக்கடல் கரைக்கு வந்து, மாடு மேய்த்த சிறுவர்களிடம் பசிக்குது என்று கேட்ட கிழவி. வைகாசி விசாகப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கப் போகிற சனம் இரண்டையும் நம்புகிறது, இரண்டுக்கும் இடையில் யாரும் சண்டை மூட்டவில்லை.

மருமகளுக்கு மாஸ் எஃபெக்ட்டையே சொன்னேன். மூன்று பாகங்களும் ஒரே இடத்தில் இருப்பதால் கோப்பு தன்பாட்டில் அடுத்த பாகத்துக்குப் போகும், அவளுக்கு ரீவ் கதவைத் திறந்துகொண்டு வர வேண்டியதில்லை. டிராகன் ஏஜை இன்குவிசிஷனோடு நிறுத்துவதாக இருந்தால் அடுத்த வருடம் தொடங்கலாம். பொறுமை இல்லையென்றால் விட்சர் மூன்றாம் பாகம் மட்டும் போதும். ஒவ்வொரு வாரமும் சேமிப்புக் கோப்பைப் பென்டிரைவில் பிரதி எடுத்து அம்மம்மாவின் அலுமாரியில், காணி உறுதி இருக்கிற பெட்டிக்குள் வை என்றும் சொன்னேன்.

போன ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அழைத்தாள். வெர்மயர் கடற்கரைக்கு வந்துவிட்டாளாம். ரெக்ஸ் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான், விளையாட்டை நிறுத்திவைத்திருக்கிறாள். "அவனுடைய குடும்பக் கவசத்தைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன் மாமா. அது போதுமா?"