‘வண்டியை நிறுத்தியதே செல்லாது’ என்று சொல்லிப் பணம் கேட்கும் வழக்கறிஞர்கள்: ஓர் எச்சரிக்கை

மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டியதாக வழக்கில் சிக்கியவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும், “காவலர்கள் உங்கள் வண்டியை நிறுத்தியதே சட்டப்படி செல்லாது, அந்த ஒன்றை வைத்தே வழக்கை உடைத்துவிடலாம்” என்று உறுதி கூறி முன்பணம் வாங்கும் வழக்கறிஞர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் என் தம்பி 40,000 ரூபாய் கொடுத்தான். வழக்கு உடையவில்லை, உடைப்பதற்கு உண்மையிலேயே வாய்ப்பிருந்த இடங்களும் கைநழுவிப் போயின. புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் விற்ற வாதத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அதே வாதத்தை வேறு சிலரும் விற்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை இரவு, விருந்து முடிந்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிய தம்பியை, சாலையில் தடுப்பு வைத்து எல்லா வண்டிகளையும் வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்த காவலர்கள் நிறுத்தினார்கள். உரிமத்தைக் கேட்ட உதவி ஆய்வாளர், மது வாடை அடித்ததால் கருவியில் ஊதச் சொன்னார். 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு 38 மில்லி கிராம் என்று கருவி காட்டியது. சட்டத்தின் வரம்பு 30. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 185ஆம் பிரிவில் வழக்குப் பதிவானது, உரிமமும் கைப்பற்றப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டியதை நியாயப்படுத்த வீட்டில் ஒருவரும் இல்லை. பணம் வாங்கியவர் அந்தப் பணத்துக்கு என்ன செய்தார் என்பதுதான் இங்கே பேச்சு.

அவருடைய எண் வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த ஒரு விளம்பரத்திலிருந்து கிடைத்தது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைப் பிடிக்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே அவர் சொன்னது: தம்பி தாறுமாறாக ஓட்டவில்லை, சிக்னலை மீறவில்லை, ஆகவே நிறுத்தக் காரணமே இல்லை, காரணமில்லாமல் நிறுத்தியது செல்லாது என்றால், அதற்குப் பிறகு எடுத்த அளவீடும் செல்லாது. கேட்பதற்கு மிகவும் ஒழுங்கான வாதம். இரண்டு அமெரிக்க வழக்குகளின் பெயர்களையும் சொன்னார்.

பின்னர் வேறொரு மூத்த வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டியபோதுதான் அந்த வாதம் எங்கெங்கே ஓட்டை என்பது விளங்கியது. நம் சட்டத்தில் வண்டியை நிறுத்துவது வேறு, ஊதச் சொல்வது வேறு. பொது இடத்தில் வாகனம் ஓட்டுபவர், சீருடையில் உள்ள காவல் அதிகாரி கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்று 130ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குச் சந்தேகம் எதுவும் தேவையில்லை. நியாயமான சந்தேகம் வேண்டும் என்பது 203ஆம் பிரிவில், மூச்சுப் பரிசோதனைக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. உரிமத்தை நீட்டும்போதே மது வாடை அடித்தால் அந்தச் சந்தேகம் அங்கேயே பிறந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் தாண்டி, நிறுத்தியதில் ஏதோ முறைகேடு இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், முறைகேடாகக் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒரு சான்றை நீதிமன்றம் ஒதுக்கிவிடாது. அது வழக்குக்குப் பொருத்தமானதா என்றுதான் பார்க்கும். வருமான வரிச் சோதனை தொடர்பான பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973 டிசம்பரிலேயே இதைச் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் நிலைமை வேறு என்பது உண்மைதான். சட்டவிரோதமாகக் கிடைத்த சான்றை அங்கே ஒதுக்கிவைக்க முடியும். சந்தேகமே இல்லாமல் ஒரு தனி வண்டியை மனம்போனபடி நிறுத்தி உரிமம் பார்ப்பது கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1979இல் டெலவேர் எதிர் பிரவுஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் தடுப்பு வைத்து எல்லா வண்டிகளையும் சோதிப்பதை அதே நீதிமன்றம் 1990இல் மிச்சிகன் எதிர் சிட்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டுவிட்டது. தம்பி நிறுத்தப்பட்டது அப்படிப்பட்ட தடுப்பில்தான். அதாவது, இரவல் வாங்கி வந்த வாதம், அது பிறந்த ஊரிலேயே இந்த வழக்கில் தோற்றிருக்கும்.

இந்த வாதத்தை வைத்து அவர் நடுவர் நீதிமன்றத்தில், விசாரணை நடக்கும் முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனு போட்டார். 185ஆம் பிரிவின் முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்பதால் இது அழைப்பாணை வழக்கு, அதாவது சிறிய தண்டனை உள்ள குற்றங்களுக்கான எளிய நடைமுறை வழக்கு. 2024 ஜூலைக்கு முன்பிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், அப்படிப்பட்ட வழக்கில் விடுவிப்பு என்ற கட்டமே கிடையாது. மனு நிராகரிக்கப்பட்டது. உடனே உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யலாம் என்று சொல்லி மேலும் 60,000 கேட்டார். அதில் பாதி கொடுக்கப்பட்டது. அவர் தந்த பதிவு எண்ணை நீதிமன்றத்தின் இணையதளத்தில் தேடினால் அப்படி ஒரு மனுவே இல்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது அவர் தொடாமல் விட்ட விஷயங்கள்தான். அளவீடு வரம்பைவிட எட்டு மில்லி கிராம் மட்டுமே கூடுதல். தம்பி கடைசியாகக் குடித்தது கிளம்புவதற்குச் சற்று முன்பு; வாயில் தங்கிய மதுவே அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், பதினைந்து நிமிடம் பொறுத்துச் சோதிப்பது முறையான நடைமுறை. மறுமுறை ஊதச் சொல்லவில்லை, இரத்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. கருவி கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்யப்பட்டது என்ற சான்றிதழையும், அச்சுச் சீட்டின் நேரத்தையும் கேட்க வேண்டியவர் அவற்றைக் கேட்கவே இல்லை. வரம்புக்கு இவ்வளவு அருகில் இருக்கும் அளவீட்டில் கேள்வி எழுப்ப வேண்டிய இடம் கருவிதான், சாலைத் தடுப்பு அன்று.

அதைவிடப் பெரிய இழப்பு உரிமம். தம்பி மருந்து விற்பனைப் பிரதிநிதி. நாள் முழுவதும் வண்டியில்தான் வேலை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, காவலர்கள் கைப்பற்றும் உரிமம் தகுதி நீக்க நடவடிக்கைக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே உத்தரவிடுவதற்கு முன் 19ஆம் பிரிவின்படி நம் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். அப்படி வந்த அறிவிப்பை அவரிடம் கொடுத்தபோது, “நிறுத்தியதே செல்லாது என்று வழக்குப் போட்டிருக்கிறோம், இதற்குப் பதில் எழுதினால் ஒப்புக்கொண்டதாகிவிடும்” என்றார். விளக்கம் போகவில்லை, உரிமம் மூன்று மாதத்துக்குத் தகுதியிழந்தது. அந்த உத்தரவின் மீது முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அவர் சொல்லவில்லை. அந்தக் கெடுவும் கடந்தது.

கடைசியில், “குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்தாயிரம் கட்டிவிடுங்கள், அத்தோடு முடிந்தது” என்றார். அத்தோடு முடியாது. 185ஆம் பிரிவில் தண்டனை விதிக்கும் நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதத்துக்கு உரிமத் தகுதியை நீக்க வேண்டும் என்று 20ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. ஒப்புக்கொள்ளச் சொல்கிற வழக்கறிஞர் யாராயிருந்தாலும் இந்தப் பிரிவைப் பற்றி அவரிடம் நேராகக் கேளுங்கள்.

வேறு வழக்கறிஞரை வைக்க முடிவு செய்தபோது, மீதிப் பணம் தராமல் வழக்கு ஆவணக் கட்டைத் தர மாட்டேன் என்று மறுத்தார். கட்டணப் பாக்கிக்காக வழக்கறிஞர் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைக்க உரிமையில்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தீர்ப்பின் நகலை இணைத்து எழுத்துமூலமாகக் கேட்ட பிறகு கட்டு வந்து சேர்ந்தது. புதியவர் இப்போது கருவியின் அளவுதிருத்தச் சான்றைக் கேட்டு மனுச் செய்திருக்கிறார்; விசாரணை நடக்கிறது.

பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று பலர் சொன்னார்கள். அந்த வழி அடைபட்டுவிட்டது: வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. மிஞ்சியிருப்பது வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன் 35ஆம் பிரிவின் கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார். அவர் எதற்கும் ரசீது தரவில்லை. ஆனால் பணம் முழுவதும் ஜிபே வழியாகப் போனதால் அந்தப் பதிவுகளையும், இல்லாத பதிவு எண்ணை அனுப்பிய குறுஞ்செய்தியையும், விளம்பரத்தின் படத்தையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். ஓராண்டுக்குள் மாநில கவுன்சில் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும் என்று சட்டத்தின் 36பி பிரிவு சொல்கிறது. இதே ஆளிடம், இதே வாதத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால், அவர்களும் தனித்தனியாகப் புகார் கொடுப்பது எங்கள் புகாருக்கும் வலுச் சேர்க்கும்.