யாழ்ப்பாண றோட்டில் பிளக்-இன் ஹைபிரிட்: பற்றரியில் எவ்வளவு ஓடும்?

"அண்ணை, ஒருக்கா சார்ஜ் போட்டா எத்தினை கிலோமீற்றர் ஓடும்?" என்னுடைய அவுட்லாண்டரைக் கண்டவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பது இதைத்தான். மற்றப் பாதிப்பேர் விலையைக் கேட்பார்கள். முப்பதிலிருந்து நாற்பதுக்குள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வாங்க யோசிக்கிற ஆளுக்கு அந்தப் பதில் காணாது.

வாகனம் மிட்சுபிஷி அவுட்லாண்டரின் முதல் தலைமுறை பிளக்-இன் ஹைபிரிட், அதாவது சுவரில் செருகிச் சார்ஜ் போட்டும் ஓடும், பெற்றோலிலும் ஓடும். 2013 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த வகை. முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு 60 கிலோவாட் மோட்டோர், கூடவே 2 லீற்றர் பெற்றோல் எஞ்சின். பற்றரியில் 80 செல், 300 வோல்ற், 40 அம்பியர்-மணி. பெருக்கிப் பார்த்தால் 12,000 வாட்-மணி, அதாவது கரண்ட் பில்லில் வருகிற கணக்கில் 12 யூனிற். இந்த 12 யூனிற்றுக்கு யப்பானின் ஜேசி08 சோதனை 60.2 கிலோமீற்றர் என்றது. ஐரோப்பாவின் பழைய சோதனையில் 52. பிறகு அமெரிக்காவுக்குப் போன 2018 மொடலுக்கு அங்கே கொடுத்தது 22 மைல், அதாவது 35 கிலோமீற்றர்.

யப்பான் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர் அளவுதான். எங்கள் ரவுண் ஓட்டமும் அந்த வேகந்தான். அப்படியென்றால் 60 கிடைக்க வேண்டுமே என்று தோன்றும். கிடைக்காது, ஏனென்றால் அந்தச் சோதனையில் ஏசி போடுவதில்லை. சித்திரை வெயிலில் கே.கே.எஸ். வீதியில் ஏசி போடாமல் ஓடுகிறவர் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். வேகமான ஓட்டத்தையும் ஏசியையும் சேர்த்துக் கழித்த அமெரிக்க எண்தான் எங்களுக்குக் கிட்ட வருகிறது.

பற்றரியில் இருப்பதெல்லாம் ஓடுவதற்குக் கிடைக்காது என்பதையும் சேர்க்க வேண்டும். ஏறக்குறைய 30 சதவீதம் மிஞ்சும்போதே எஞ்சின் தானாக எழும்பிவிடும். பற்றரியின் ஆயுளுக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். புதிதாக இருக்கும்போதே எட்டரை யூனிற்றுக்குச் சற்றுக் குறைவுதான் கைக்கு வரும். எந்த லித்தியம் பற்றரியும் காலம் போகப் போக, அதுவும் வெக்கையில், கொள்ளளவு இழக்கும். இப்போது நான் 7 யூனிற் என்று வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறேன்.

பெற்றோல் காருக்குப் பழகிய நாங்கள் எதையும் கிலோமீற்றரில்தான் யோசிப்போம். ஆனால் ஏசி கிலோமீற்றருக்குத் தின்பதில்லை, மணித்தியாலத்துக்குத் தின்கிறது. வண்டியை நகர்த்தக் கிலோமீற்றருக்கு 0.15 யூனிற், ஏசிக்கு மணிக்கு 1 யூனிற் என்று எடுங்கள். சராசரி 40 இல் ஓடினால் ஏசியின் பங்கு கிலோமீற்றருக்கு 0.025. மொத்தம் 0.175, ஆக 7 யூனிற்றில் 40 கிலோமீற்றர். ஆஸ்பத்திரி வீதி, நல்லூர்த் திருவிழாக்கால நெரிசல் என்று சராசரி 20 க்கு இறங்கினால் ஏசியின் பங்கு இரட்டிப்பாகும். மொத்தம் 0.2, தூரம் 35. பள்ளிக்கூட வாசலில் ஏசியைப் போட்டபடி அரை மணித்தியாலம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றால் அரை யூனிற் போய்விடும், ஒரு அடி நகராமலே. குளிர்நாட்டுக்காரர் ஹீற்றரைப் பற்றிப் புலம்புவதை வாசிக்கும்போது, எங்கள் பாடு மாரியிலும் கோடையிலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது காற்று. இதை எந்த விளம்பரப் புத்தகமும் சொல்லாது. பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போகிறவர்களுக்குச் சோழகம் என்கிற தென்மேற்குக் காற்றைத் தெரியும். 50 இல் போகும்போது எதிர்க்காற்று 25 இல் வந்தால், காருக்கு அது 75 கிலோமீற்றர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், தடை 2.25 மடங்கு. திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளுந்தானே என்பார்கள். அப்போது தடை கால்வாசியாகும், உண்மை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.25. போக வர இரண்டையும் சேர்த்தாலும் காற்றுத்தான் வெல்கிறது. அந்த வழியின் கடைசியிலுள்ள குறிகட்டுவானுக்குப் போய்ப் பற்றரியிலேயே திரும்பி வரலாம் என்று சோழகக் காலத்தில் யாரும் நம்ப வேண்டாம். சும்மா காலத்திலேயே அது முடியாத தூரம்.

காலையில் காரைத் தட்டியதும் திரையில் தெரிகிற தூரத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. பெரும்பாலான கார்களில் அந்த எண் கடைசியாக ஓடிய ஓட்டத்தை வைத்துச் சொல்கிற சாத்திரம். முதல்நாள் மனைவி மானிப்பாய்க்கு ஏசி இல்லாமல் ஆறுதலாக ஓடிவிட்டு வந்தால் அடுத்தநாள் எண் கூடிக் கிடக்கும். நான் கொழும்பிலிருந்து வந்திறங்கிய அடுத்தநாள் சுருங்கிக் கிடக்கும். பற்றரி இரண்டு நாளும் ஒன்றுதான்.

ஏ9 இல் சட்டப்படி 70 இல், ஏசியோடு போனால் எழுதுமட்டுவாளுக்கும் பளைக்கும் இடையில் எங்கேயோ எஞ்சின் எழும்பும். அதற்கும் அப்பாலுள்ள ஆனையிறவைப் பற்றரியில் பார்த்ததில்லை. தூரப் பயணமென்றால் ரவுணைத் தாண்டியதும், பற்றரியைப் பிறகுக்கு மிச்சம் வைக்கிற சேவ் பொத்தானை அமத்திவிடுவேன். சீரான வேகத்தில் எஞ்சின் சிக்கனமாக ஓடும். மிச்சம் பிடித்த கரண்ட் வவுனியா ரவுணுக்குள் உதவும். எங்கள் தட்டை நிலத்தில் பிரேக் பிடிக்கும்போது பற்றரிக்கு மீளச் சேர்கிற கரண்ட் கொஞ்சந்தான். கண்டிப் பக்கம் போய் இறக்கத்தில் இறங்கும்போது திரையில் எண் ஏறுவதைப் பார்க்க மட்டும் ஒரு தனிச் சந்தோஷம்.

செலவுக் கணக்குக்குக் காரின் திரையைவிடச் சுவரில் செருகுகிற சின்ன மீற்றர் நம்பகமானது. பற்றரிக்குள் 7 யூனிற் போக, சுவரிலிருந்து 8 அளவு இழுக்கும். மிச்சம் சூடாகப் போகிறது. வீட்டு மின்கட்டணம் படி ஏற ஏற விலையும் ஏறுகிற முறை. காருக்குப் போவது மேல்படி யூனிற் என்று வைத்துத்தான் பெற்றோலோடு ஒப்பிட வேண்டும். கூரையில் சோலர் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

2022 இல் ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் அளந்து தந்த காலத்தில் இப்படி ஒரு வாகனம் வைத்திருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதே ஆண்டில் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய நாட்களை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

ரீகண்டிஷன், அதாவது வெளிநாட்டில் ஓடி இறக்குமதியான கார் வாங்குகிறவர்கள் ஓடின கிலோமீற்றரை மட்டும் பார்க்காதீர்கள். காரின் கணினியை வாசிக்கிற ஓபிடி துறையில் செருகுகிற சின்னக் கருவியும் போனில் ஒரு செயலியும் இருந்தால், பற்றரி இப்போது எத்தனை அம்பியர்-மணி பிடிக்கிறது என்று பார்க்கலாம். 40 இல் தொடங்கியது 28 க்கு வந்திருந்தால் மேலே சொன்ன தூரங்களையெல்லாம் இன்னும் சுருக்கிக்கொள்ளுங்கள், விலையையும் அதற்கேற்றபடி பேசுங்கள். விற்கிறவர் செருக விடவில்லையென்றால் அடுத்த காரைப் பாருங்கள்.